பிராங்கன்ஸ்டைன்: படைத்தோன் கடமை

இறப்பை அஞ்சாத மக்கள் உலகில் மிகச் சிலர்; அதனை வெல்லக் கருதாத காலமோ ஒன்றேனும் இல்லை. நம் நாட்டார் காயகற்பம் தேடியதும், அமுதம் கடைந்த கதையை வழிவழியாகப் பேணி வந்ததும், எகிப்தியர் தம் அரசர் உடலங்களை மருந்திட்டு அடக்கியதும் இவ்வொரு வேட்கையின் பல வடிவங்களேயாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மேனாட்டில் இவ்வேட்கை மந்திரத்தைக் கைவிட்டு மின்சாரத்தைப் பற்றியது. அக்காலத்தில் எழுந்த கதை ஒன்று. அக்கதையினின்றும் ஒரு நூற்றாண்டுக்குப் பின் தோன்றிய பேசும் படம் ஒன்று. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் கருதும் படம் 1931-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யுனிவர்ஸல் கம்பெனியார் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' என்பது. ஏறத்தாழ 70 நிமிஷமே ஓடும் கறுப்பு வெள்ளைப் படம் அது. அச்சம் விளைவித்தலையே தொழிலாகக் கொண்ட ஒரு படத்தைக் கலாசாலைச் சஞ்சிகையில் ஆராய்தல் தகுமோ என ஐயுறுவாரும் இருத்தல் கூடும். ஆயினும் விஞ்ஞானம் பயில்வார் எவரும் தம்மைத் தாமே வினவிக் கொள்ள வேண்டியதொரு வினா அப்படத்தினுள் அடங்கியிருக்கின்றது. உயிரைக் காக்கவும் மீட்கவும் முயல்தல் குற்றமோ? குற்றமன்றாயின், இக்கதையில் அத்துணைப் பேரும் அழிவதற்குக் காரணமான குற்றம் யாது? இதற்கு விடை காண்பதற்கு முதற்கண் கதை பிறந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

1. கதை பிறந்த வரலாறு

இக்கதையை இயற்றியவர் மேரி ஷெல்லி அம்மையார். அவர் 1797-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். அவருடைய அன்னையார், பெண்மக்களின் உரிமை குறித்து நூலெழுதிப் புகழ்பெற்ற மேரி உல்ஸ்டன்கிராப்ட் என்பார். அவ்வன்னையார் பிரசவத்தாலுண்டான சுரத்தினால் பத்து நாட்களுக்குப்பின் உயிர் நீத்தார். தம் பிறப்பே தம் தாயின் இறப்புக்குக் காரணமாயிற்று என்னும் நினைவோடு வளர்ந்தவர் மேரி அம்மையார்.

1815-ஆம் ஆண்டில் அவர் ஈன்ற முதற் குழவி, குறைமாதத்திற் பிறந்து சில நாட்களில் இறந்தது. அக்குழவி சாகவில்லை, குளிரால் விறைத்திருந்தது. நெருப்பருகே வைத்துத் தேய்க்க உயிர்த்தெழுந்தது எனத் தாம் கண்ட கனவினை அவர் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அப்பொழுது அவருக்கு வயது 17. இறந்தாரை எழுப்புங் கதையை எழுதியவர் வெறும் வேடிக்கை கருதி எழுதியவர் அல்லர் என்பதற்கு இக்குறிப்பே சான்றாகும்.

மறு ஆண்டு, 1816-இல், அவர் கவிஞர் ஷெல்லியோடு சுவிட்ஸர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் வேனிற்காலத்தைக் கழிக்கச் சென்றார். பைரன் பிரபுவும் அவருடைய வைத்தியராகிய பாலிடோரியும் அண்மையில் ஒரு மாளிகையில் தங்கியிருந்தனர். அவ்வாண்டு வேனில் வேனிலாகவே இல்லை. முந்திய ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தெழுந்து வான்வெளியில் பரப்பிய நுண்டுகளால் கதிரவன் வெம்மை குன்றியது, ஐரோப்பாவில் இடையறாத மழையும் குளிரும் நிலவின, பயிர்கள் பொய்த்தன. வெளியிற் செல்ல இயலாது உள்ளே அடைபட்ட நண்பர்கள் பேய்க் கதைகளைப் படித்துப் பொழுது போக்கினர். பின்னர்த் தாமும் ஆளுக்கொரு கதை புனைய வேண்டுமெனப் பைரன் பிரபு கூறினார். அவ்விளையாட்டில் தொடங்கியதே 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் நாவல். அது 1818-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள், ஆசிரியர் பெயரின்றி, மூன்று பகுதிகளாக வெளிவந்தது. தொடங்கிய காலத்தில் அம்மையாருக்கு வயது 18 என்பதை மாணவ அன்பர்கள் நினைவிற் கொள்வாராக.

2. அக்காலத்து விஞ்ஞானம்

பிணத்திற்கு உயிரூட்டும் எண்ணம் அந்நாளில் கதையாசிரியரின் கற்பனையில் மட்டும் இருந்ததன்று. இத்தாலி தேசத்துப் போலோனியா நகரில் உடற்கூறு கற்பித்த கால்வானி என்பவர், இறந்த தவளையின் கால் நரம்பினை உலோகங்கள் தீண்டும்போது அக்கால் துடித்தலைக் கண்டார். தம் ஆராய்ச்சியை 1791-இல் நூலாக வெளியிட்டார். விலங்கின் உடலிலேயே ஒருவகை மின்சாரம் உறைகின்றது என்பது அவர் கொள்கை. வோல்ட்டா என்பார் அதனை மறுத்து, இருவேறு உலோகங்களின் சேர்க்கையே மின்னோட்டத்திற்குக் காரணமென்றார். அதனை நாட்டும் பொருட்டு 1800-இல் முதல் மின்கலத்தை அமைத்தார். ஒரு தவளைக் காலைப் பற்றிய வாதத்தினின்றும் உலகிற்கு மின்கலம் கிடைத்தது.

கால்வானியின் மருகராகிய அல்தீனி மேலும் ஒருபடி சென்றார். 1803-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இலண்டனில், கொலைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்ட பார்ஸ்டர் என்பவனது உடலில் பலர் காண மின்சாரம் பாய்ச்சினார். பிணத்தின் தாடை நடுங்கிற்று, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்து முட்டி பிடித்தது, கால்கள் அசைந்தன. அவன் எழுந்துவிட்டனன் என மருண்டாரும் உண்டு. உண்மையில் அசைந்தவை தசைகளே. போன உயிர் மீளவில்லை. ஆயினும், தசையை அசைக்கும் ஆற்றல் உயிரையும் எழுப்பாதோ என்னும் வினா கற்றார் உள்ளத்தில் வேரூன்றியது.

இதே காலத்தில் அமைதியாக நடந்துவந்த வேறொரு முயற்சியும் உண்டு. நீரில் மூழ்கி மூச்சொடுங்கியவர்களை இறந்தார் என்று கைவிடாது, உடலை வெம்மையூட்டியும் மூச்சு ஊதியும் பிழைப்பிக்க வேண்டுமெனக் கருதிய வைத்தியர்கள் 1774-இல் இலண்டனில் ஒரு சங்கம் நிறுவினர். சாவுக்கும் வாழ்வுக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு நாம் நினைத்த அளவு தெளிவானதன்று என்பதை அவர்கள் கண்டனர். மேரி அம்மையாரின் அன்னையாரே, மகள் பிறப்பதற்கு ஈராண்டுக்கு முன், துயர மிகுதியால் தேம்ஸ் நதியிற் குதித்து, பிறரால் மீட்கப்பட்டுப் பிழைத்தவர். அவர் மீட்கப்படாதிருந்தால் மகளும் இல்லை, கதையும் இல்லை.

3. படத்தின் கதை

நாவலின் கதாநாயகன் விக்டர் என்னும் மாணவன். படத்தில் அவன் பெயர் ஹென்றி. படத்தை இயக்கியவர் ஆங்கிலேயராகிய ஜேம்ஸ் வேல் என்பார். ஹென்றியாக நடித்தவர் காலின் கிளைவ்; அவன் படைத்த உருவமாக நடித்துப் புகழெய்தியவர் போரிஸ் கார்லாப். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்களைக் காட்டுமிடத்தில் அவ்வுருவத்திற்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும் இடப்பட்டிருந்தது.

முதற்காட்சி இடுகாடு. அடக்கம் முடிந்து அனைவரும் அகன்றபின், ஹென்றியும் கூன்விழுந்த ஏவலாளனாகிய பிரிட்ஸும் புதைத்த பெட்டியைத் தோண்டி எடுக்கின்றனர். தூக்குமரத்தில் தொங்கும் மற்றொரு பிணத்தையும் அறுத்து வீழ்த்துகின்றனர். ஆனால் கழுத்து முறிந்தமையின் அதன் மூளை பயன்படாதென ஹென்றி கூறுகின்றான். மூளை வேண்டிப் பிரிட்ஸ் வைத்தியக் கலாசாலைக்குட் புகுகின்றான். ஆங்கு இரு கண்ணாடிச் சாடிகள் இருக்கின்றன: ஒன்றில் நல்லான் ஒருவனது மூளை, மற்றொன்றில் கொடியவன் ஒருவனது மூளை. நல்ல மூளையை எடுத்தவன் ஓர் ஓசை கேட்டு மருண்டு சாடியைக் கீழே போட்டுடைத்துவிட்டு, மற்றதைக் கவர்ந்து செல்கின்றான்.

புயலும் மின்னலும் மிக்கதோர் இரவில், பழங்கோபுரம் ஒன்றில், ஹென்றி தன் சோதனையை நிகழ்த்துகின்றான். அவனை மணக்கவிருக்கும் எலிசபெத்தும், நண்பனும், ஆசிரியர் வால்ட்மனும் அருகிருந்து காண்கின்றனர். பல பிணங்களின் உறுப்புக்களைத் தைத்தமைத்த உடல் ஒரு பலகையோடு கூரைத் திறப்பு வரை உயர்த்தப்படுகின்றது. மின்னல் பாய்கின்றது. பலகை இறங்கியபோது அதன் ஒரு கை மெல்ல அசைகின்றது. அது கண்ட ஹென்றி பித்தனைப்போல் ஆர்ப்பரிக்கின்றான். பொறிகள் தெறிக்கும் அக்கருவிகளை அமைத்துக் கொடுத்தவர் ஸ்டிரிக்பேடன் என்னும் மின்சார வல்லுநர். பின்னாளில் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் என்று எண்ணுவார் மனத்திலெல்லாம் எழுந்த தோற்றம் அவர் கைவண்ணமேயாம். நாவலிலோ கருவிகளைப் பற்றிய விவரம் ஏதுமில்லை. உயிரூட்டிய முறையை விக்டர் வெளியிட மறுத்துவிடுகின்றான்.

இவ்விடத்தில் தமிழில் எழுதுவார்க்கு ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. அவ்வுருவத்தை 'அது' என்பதா, 'அவன்' என்பதா? நம் இலக்கணம் திணை வரையறுத்தாலன்றி வினைமுற்றை முடிக்க விடாது. இக்கதையின் வழக்கு முழுவதும் இவ்வொரு வினையிலேயே அடங்கியிருப்பதால், எளிதில் ஒன்றைத் தேர்தல் இயலாது. கண்டார் அனைவரும் 'அது' என்றே நடத்தினர். ஆயினும் அன்பை நாடியும் அஞ்சியும் வருந்தியும் நின்ற ஒன்றை அஃறிணையாக்க எமக்கு மனம் ஒருப்படவில்லை. ஆகவே இனி 'அவன்' என்றே கூறுவோம். அவனுக்குப் பெயரிட்டாரில்லை, உலகோர் படைத்தவன் பெயரையே படைப்பின் பெயராகப் பிறழ வழங்குகின்றனர்.

பின்னிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். தீயைக் கண்டு அஞ்சிய அவனை நிலவறையிற் சங்கிலியால் பிணிக்கின்றனர். பிரிட்ஸ் சவுக்காலும் தீப்பந்தத்தாலும் ஓயாது துன்புறுத்துகின்றான். ஈற்றில் அவன் கையால் மாள்கின்றான். ஹென்றி, அவனை மயக்கி, உடலைக் கூறுபடுத்தி முடித்துவிடும் பணியை வால்ட்மனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் திருமணத்தை நாடி ஊர் செல்கின்றான். கத்தியின்கீழ்க் கிடந்தவன் கண் விழித்து வால்ட்மனைக் கொன்று வெளியேறுகின்றான். ஏரிக்கரையில் மரியா என்னும் சிறுமி அவன் கையால் இறக்கின்றாள். ஊரார் தீவர்த்தி ஏந்தித் துரத்த, அவன் பழையதொரு காற்றாலைக்குள் அடைக்கலம் புகுகின்றான். அக்காற்றாலைக்குத் தீயிடப்படுகின்றது. தன் படைப்பால் மேலிருந்து எறியப்பட்ட ஹென்றி உயிர் பிழைக்கின்றான்.

4. குற்றம் யாது? மூவகை விடை

முன்னர் எழுப்பிய வினாவிற்கு இப்படம் ஒன்றோடொன்று மாறுபட்ட மூன்று விடைகளைத் தருகின்றது.

முதல் விடை செருக்கு என்பது. படம் தொடங்குமுன் ஒரு நடிகர் திரைக்கு முன்வந்து, கடவுளைக் கணக்கிற் கொள்ளாது மனிதனைப் படைக்கப் புகுந்த விஞ்ஞானியின் கதை இது என்றும், நெஞ்சுரம் இல்லாதார் இப்பொழுதே எழுந்து போகலாம் என்றும் எச்சரிக்கின்றார். உருவம் அசைந்த களிப்பில் ஹென்றியும், கடவுளின் நிலை எத்தகையதென இப்பொழுது அறிந்தேன் எனக் கூவுகின்றான். சில ஆண்டுகள் கழித்துப் படம் மீண்டும் வெளிவந்தபோது, தணிக்கை விதிகளின் பொருட்டு அக்கூற்று இடியோசையால் மறைக்கப்பட்டது. செருக்கு குற்றமே, ஐயமில்லை. ஆயினும் இவ்விடை நிறைவானதன்று. உயிரை மீட்க முயல்வதே செருக்கென்றால், மூழ்கியவனை மூச்சூதி எழுப்பியவரும் செருக்கரே ஆவர்.

இரண்டாம் விடை கெட்ட மூளை என்பது. இது நாவலில் இல்லாதது, படத்தார் புகுத்தியது. இதன் விளைவை உணர்தற்கு வடமொழிப் பஞ்சதந்திரக் கதை ஒன்று துணை செய்யும். நண்பர் நால்வர் காட்டுவழியே சென்றனர். மூவர் கல்வி மிக்கவர், ஒருவன் கல்லாதவன், ஆயினும் அறிவுடையவன். வழியிற் கிடந்த சிங்கத்தின் எலும்புகளை ஒருவன் பொருத்தினான். மற்றொருவன் தசையும் தோலும் சேர்த்தான். மூன்றாமவன் உயிர் கொடுக்க முற்பட்டான். இது சிங்கம், எழுந்தால் நம்மைக் கொல்லும் என்று தடுத்தும் கேளாமையால், நான்காமவன் மரத்திலேறித் தப்பினான். எழுந்த சிங்கம் ஏனை மூவரையும் கொன்றது. இக்கதையில் வரும் உயிர் இயல்பிலேயே கொல்லும் விலங்கு. கொடியவன் மூளையைச் சாடியிலிருந்து எடுத்து வைத்தமையால், படத்தார் மேரி அம்மையாரின் கதையைச் சிங்கக் கதையாக மாற்றிவிட்டனர். மூளை கெட்டதென்றால் படைத்தவன் மேல் பழியில்லை. பழி முழுதும் சாடியை உடைத்த ஏவலாளனுக்கே உரியதாகும். தான் வளர்த்த பிள்ளை கெட்டபோது பிறவிக்குணம் என்று கூறித் தப்பும் தந்தைக்கும் இவ்விடைக்கும் வேற்றுமை யாது?

மூன்றாம் விடையே நாவலின் விடை. அதில் விக்டர், தன் படைப்பு கண் திறந்த அக்கணமே, அதன் தோற்றத்தைப் பொறாது அறையை விட்டு ஓடுகின்றான். கைவிடப்பட்டவன் குளிரிலும் பசியிலும் அலைந்து, ஒரு குடிசையின் பக்கத்தே ஒளிந்திருந்து, அக்குடும்பத்தார் பேசுவதைக் கேட்டே மொழி பயில்கின்றான், நூல்களையும் கற்கின்றான், அவர்க்குத் தெரியாமல் விறகு சேர்த்துத் தருகின்றான். கண்பார்வையற்ற முதியவர் ஒருவரே அவனோடு அன்பாகப் பேசுகின்றார். பார்வையுள்ளோர் வந்ததும் அடித்துத் துரத்துகின்றனர். அதன் பின்னரே அவன் கொலைஞனாகின்றான். அவன் செய்த கொலைகளை அம்மையார் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அவை விளைந்த நிலம் படைத்தவனது புறக்கணிப்பே எனத் தெளிவுறக் காட்டுகின்றார்.

வியப்பென்னவெனில், கெட்ட மூளை என்று வாயாற் கூறிய படமே, காட்சியால் மூன்றாம் விடையைக் கூறுகின்றது. இரண்டு காட்சிகளைக் குறிப்பிடுவோம்.

ஒன்று: இருளறையினின்றும் முதன்முறை வெளிவந்த அவனை ஹென்றி நாற்காலியில் அமரச் செய்து, மேற்கூரைக் கதவைத் திறக்கின்றான். ஒளி முகத்தில் விழுகின்றது. அவன் எழுந்து, இரு கைகளையும் மேலே நீட்டி, அவ்வொளியைப் பற்ற முயல்கின்றான். கதவு மூடப்பட்டதும், வெறுங்கைகளை ஹென்றியை நோக்கி நீட்டுகின்றான். சொல் ஒன்றுமில்லை, பாலுக்கேங்கும் குழவியின் கை போல்வது அக்கை. கெட்ட மூளையின் செயலாக அதில் ஒன்றையும் காண்கிலோம்.

மற்றொன்று: ஏரிக்கரையில் மரியா அவனைக் கண்டு அஞ்சவில்லை. கை பற்றி அழைத்துச் சென்று பூக்களைத் தருகின்றாள். அவற்றை ஒவ்வொன்றாக நீரிலிட்டு, மிதப்பது கண்டு இருவரும் மகிழ்கின்றனர். அவன் முகத்தில் நகை அரும்புகின்றது. பூக்கள் தீர்ந்துவிடவே, அவளும் பூப்போல் மிதப்பாள் எனக் கருதி அவளை எடுத்து நீரில் இடுகின்றான். அவள் மூழ்குவது கண்டு திகைத்து, தடுமாறி ஓடுகின்றான். எது மிதக்கும், எது மூழ்கும் என்பதை அவனுக்குக் கற்பிப்பார் இல்லை.

தணிக்கையாளர் இக்காட்சியின் இறுதிப் பகுதியை வெட்டினர். அவன் சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி நின்றது. அடுத்து, தந்தை தன் மகளின் உயிரற்ற உடலை ஏந்தி, மணவிழாக் கோலத்திலிருந்த தெருவழியே நடப்பதைக் கண்டனர். இடையில் நிகழ்ந்தது யாதென்பதை அவரவர் மனம் போனபடி எண்ணிக் கொண்டனர். நிகழ்ந்ததினும் கொடியதையே எண்ணினர். வெட்டுண்ட பகுதி 1980-களிலேதான் மீண்டும் சேர்க்கப்பட்டது. கொடுமையை மறைக்கக் கருதி வெட்டியவர்கள், அறியாமையால் நேர்ந்த பிழையை வேண்டுமென்று செய்த கொடுமையாக மாற்றினர். ஒருவன் செயலின் ஒரு பகுதியை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுதல் எத்துணைத் தவறென்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

5. மின்சாரம் மெய்யாகவே இதயத்தை இயக்கிய வரலாறு

கதை நிற்க. அல்தீனி தேடியதை விஞ்ஞானம் பின்னர்க் கண்டதுண்டோ என நோக்குவோம்.

1899-ஆம் ஆண்டில் பிரவோஸ்ட், பத்தெல்லி என்னும் இருவர், நாய்களின் இருதயத்தில் மின்சாரத்தின் விளைவை ஆராய்ந்தனர். சிறு அதிர்ச்சியால் இருதயத் தசைகள் ஒழுங்கிழந்து நடுங்குவதையும், பெரும் அதிர்ச்சி அந்நடுக்கத்தை நிறுத்துவதையும் கண்டனர். அவர்கள் ஆராய்ந்த இடம் ஜெனீவா. கதையில் விக்டர் பிறந்த ஊரும் அதுவே. 1947-இல் அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து நகரில் பெக் என்னும் இரண வைத்தியர், சிகிச்சையின்போது இருதயம் ஒழுங்கிழந்த 14 வயதுச் சிறுவனை இம்முறையால் பிழைப்பித்தார். 1956-இல் ஸோல் என்பார், மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து அதிர்ச்சி தந்து இருதயத்தை ஒழுங்குபடுத்திய செய்தியை வெளியிட்டார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அதிர்ச்சி இறந்த இருதயத்தை எழுப்புவதில்லை. ஆயிரக்கணக்கான தசையிழைகள் ஒன்றோடொன்று ஒவ்வாது தாமே துடிக்குங்கால், அவற்றையெல்லாம் ஒருங்கே ஒரு கணம் அடக்கி, இருதயத்தின் இயற்கைத் தாளம் மீண்டும் தலையெடுக்க இடந்தருகின்றது. அதுவும் சில நிமிஷங்களுக்குள் நிகழ வேண்டும். குருதி பெறாத மூளை விரைவிற் கேடுறும். ஆகவே வைத்தியர் கையிலுள்ள மின்சாரம் ஹென்றியின் மின்னலைப் போன்றதன்று. அது உயிரைப் படைப்பதில்லை. உள்ள உயிருக்கு உதவுகின்றது.

இனிக் கூறப்போவது இப்படத்தோடு நேரே தொடர்புடையது. ஏர்ல் பாக்கன் என்பவர் 1924-இல் பிறந்தவர். மின்னியாபோலிஸ் நகரத்தைச் சார்ந்தவர். சிறுவனாயிருந்தபோது இவர் 'பிராங்கன்ஸ்டைன்' படத்தைக் கண்டார். பிறர் அச்சத்தைக் கொண்டு திரும்பிய அப்படத்தினின்றும், மின்சாரம் உயிருக்கு உதவக்கூடும் என்னும் எண்ணத்தை இவர் கொண்டு திரும்பினார். அதுவே தம் வாழ்நாட் பணிக்கு வித்தென அவரே பன்முறை கூறியுள்ளார். 1949-இல் மைத்துனரோடு கூடி, வண்டி நிறுத்தும் கொட்டகை ஒன்றில், ஆஸ்பத்திரிக் கருவிகளைச் செப்பனிடும் சிறு தொழிலைத் தொடங்கினார்.

அந்நகரத்துச் சர்வகலாசாலையில் லில்லஹை என்னும் வைத்தியர் குழந்தைகளின் இருதயக் குறைகளை அறுத்துச் சீர்செய்து வந்தார். சிகிச்சைக்குப்பின் சிலர்க்கு இருதயத் துடிப்புத் தளரும். அவர்க்குச் சுவரிலுள்ள மின்கம்பியோடு இணைத்த பேஸ்மேக்கர் என்னும் கருவி துணை செய்யும். குழந்தை எங்குச் சென்றாலும் அக்கம்பியின் நீளத்திற்கு மேற் செல்ல இயலாது. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் அந்நகரில் மின்சாரம் நின்றது. அக்கருவிகளை நம்பியிருத்தல் எத்துணை இடர் மிக்கது என்பது அன்று விளங்கிற்று. லில்லஹை தம் கவலையைப் பாக்கனிடம் கூறினார். பாக்கன், இசை பயில்வோர்க்குத் தாளம் காட்டும் கருவியின் மின்சுற்று ஒன்றைப் பத்திரிகையிற் கண்டதை நினைவுகூர்ந்து, டிரான்சிஸ்டரும் சிறு மின்கலமும் கொண்டு, கழுத்தில் தொங்கவிடக்கூடிய ஒரு சிறு பெட்டியைச் சில வாரங்களில் அமைத்தார். நாயொன்றிற் சோதிப்பதற்கெனக் கொடுத்துச் சென்றவர், மறுநாள் வந்தபோது ஒரு குழந்தை அதனை அணிந்திருக்கக் கண்டார்.

அடுத்த ஆண்டு, 1958 அக்டோபரில், சுவீடன் தேசத்தில் சென்னிங் என்னும் வைத்தியர், எல்ம்குவிஸ்ட் என்னும் எஞ்சினீயர் செய்த கருவியை ஒரு நோயாளியின் உடலினுள்ளேயே பொருத்தினார். முதற் கருவி சில மணி நேரமே இயங்கியது. உடனே மற்றொன்று வைக்கப்பட்டது. அந்நோயாளி தம் வாழ்நாளில் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றிப் பெற்று, 2001-ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, தம் 86-ஆம் வயதில் இறந்தார். தமக்குச் சிகிச்சை செய்த வைத்தியரும் கருவி செய்தவரும் மறைந்த பின்னரும் அவர் வாழ்ந்திருந்தார்.

இவ்வரலாற்றையும் ஹென்றியின் இரவையும் ஒப்புநோக்குமின். ஹென்றிக்குத் தேவைப்பட்டது ஒரு புயலிரவு. மறுநாள் பற்றி அவன் சிந்தித்தானில்லை. மெய்யான வெற்றிக்கோ 43 ஆண்டு தேவைப்பட்டது. கருவி பழுதுற்ற ஒவ்வொரு முறையும் அதனை மாற்ற ஒருவர் ஆயத்தமாய் இருந்தார். அந்நோயாளியைக் கைவிட்டார் ஒருவருமில்லை.

உறுப்புக்களைப் பற்றியும் இதுவே கூறலாகும். ஹென்றி அவற்றைக் கல்லறையினின்றும் களவாடினான். அக்களவு வெறுங் கற்பனையன்று. அறுத்துப் பயிலப் போதிய உடல்கள் கிடையாமையின், பிரிட்டனில் இடுகாட்டுத் திருட்டு ஒரு தொழிலாகவே நடந்தது. 1832-இல் சட்டம் இயற்றிய பின்னரே அது ஒழிந்தது. 1967-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரில் பர்னார்டு என்பவர், விபத்தில் மாண்ட ஓர் இளம்பெண்ணின் இருதயத்தை மற்றொருவர்க்குப் பொருத்தினார். அவ்விருதயம் அவளுடைய தந்தை இசைந்து அளித்தது. பெற்றவர் 18 நாளே வாழ்ந்தார்; ஆயினும் பிற்காலத்துச் சிகிச்சைகளுக்கெல்லாம் அதுவே வழி திறந்தது. இறந்தார் உறுப்பு வாழ்வார்க்கு உதவுதல் கதையிலும் உண்டு, வரலாற்றிலும் உண்டு. களவுக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாடே இரண்டற்கும் உள்ள வேறுபாடு.

6. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவது யாது? மரணத்தோடு பொருதல் குற்றமன்று. அது வைத்தியத்தின் அன்றாடத் தொழில். ஒன்றை ஆக்கியபின் அதனைப் பேணாது ஓடுதலே இக்கதையின் குற்றம். செருக்கு அக்குற்றத்திற்குத் துணை நின்றது. கெட்ட மூளை அதனை மறைக்கக் கூறிய சாக்கு. அறிவின் பெருமை ஆக்கும் இரவில் வெளிப்படலாம். அதன் தகுதி அடுத்த நாட்காலையிலேதான் அறியப்படும்.

ஆய்வுக்கூடத்திலும், ஆஸ்பத்திரியிலும், எந்திரச் சாலையிலும், பள்ளிக்கூடத்திலும் பணிபுரியப் போகும் மாணவ அன்பர்கள் தம் வாழ்நாளில் எத்தனையோ புதியனவற்றை ஆக்குவர். அவற்றுட் சில எதிர்பார்த்தபடி அமையா. சில அழகற்றுத் தோன்றும். சில, பூவுக்கும் சிறுமிக்கும் வேற்றுமை அறியாதவன்போல், தீங்கு கருதாமலே தீங்கு செய்யும். அந்நாளில் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு மணவிழாவிற்குப் போகாதிருத்தல் அரிய செயலாகும். ஒளியை நோக்கி நீண்டு, பின் தம்மை நோக்கித் திரும்பும் கையைக் காணும்போது, அதனைப் பற்றிக் கொள்ளும் உரம் நம் கலாசாலை மாணவர் ஒவ்வொருவர்க்கும் வாய்ப்பதாக.